நம்பலை என்று உயர்ந்த கை

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, சக ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவர் அவர்களே, பெற்றோர்களே, வந்தே தீருவோம் என்று அடம்பிடித்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே! வணக்கம்.

நம் கதை டீச்சர் மறைந்து ஒரு வாரம் ஆகிறது. அவருக்குப் பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்துகிறவன் நான். சுவருக்கு அந்தப் பக்கம் கதை எழுதச் சொல்லித் தருவதாகப் பேச்சு. எனக்குக் கேட்டதோ கூச்சல்! இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கதை கட்டச் சொல்லித் தந்தால் என்ன ஆகும்? வீட்டுப்பாடம் செய்யாததற்குக் கதை கதையாகக் காரணம் வரும்! அப்படித்தான் சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் தன் கதையை வாசிக்கிறாள்: "அப்பா வெளியூருக்குக் கிளம்பினார். தம்பி மிகவும் அழுதான்." பட்டென்று கைகள் உயர்ந்தன. "நம்பலை டீச்சர்!" அதுதான் அந்த வகுப்பின் சட்டம். நம்பும்படி இல்லாத இடத்தில் கை தூக்க வேண்டும். எழுதியவர் அந்த இடத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

டீச்சர் கேட்டார்: "சரிம்மா, அழுதான். அவன் கை என்ன பண்ணுச்சு?"

அவள் யோசித்தாள். "அப்பாவோட ஒத்தைச் செருப்பை ஒளிச்சு வெச்சுது டீச்சர்."

தூக்கிய கைகள் எல்லாம் இறங்கின.

பிறகு அந்தத் தொல்லை சுவர் தாண்டி என் வகுப்புக்கும் வந்தது. "பரீட்சை சுலபமாத்தான் இருக்கும்" என்றேன். முதல் பெஞ்சிலேயே கை! ஒரு தாயார் வந்து புலம்பினார்: "நான் தலைவலின்னு படுத்தா, என் பொண்ணு 'கை நெத்திக்கே போகலையே, போனைத்தானே தடவுது'ன்னு கேக்கறா சார்!"

"பிள்ளைங்களைச் சந்தேகப் பிராணியா ஆக்கறீங்க" என்று டீச்சரிடமே சொன்னேன். சிரித்தார். "பொய்யை எப்படிக் கட்டறதுன்னு தெரிஞ்சவங்களை யாரும் சுலபமா ஏமாத்த முடியாது சார்." அதை நான் முழுதாக நம்பவில்லை. இன்றும் பாதிதான் நம்புகிறேன்.

சபையோரே! சற்றுமுன் தலைமை ஆசிரியர், "கதை வகுப்பு தொடரும்" என்றார். மகிழ்ச்சி. யார் நடத்துவார்? எந்தக் கிழமை? சொன்னாரா? சொல்லும்போது அவர் கை என்ன செய்தது? கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தது! மன்னிக்க வேண்டும் ஐயா. அந்தப் பாடவேளையைக் கணக்குக்குத் தரப்போவதாக ஆசிரியர் அறையில் பேச்சு அடிபடுகிறது. கணக்கு என்றால் நான்தான். எனக்கு அது வேண்டாம்!

ஆகவே இங்கே உறுதி ஏற்போம்! அம்மையார் ஏற்றிவைத்த விளக்கை அணையாமல் காப்போம்! அவர் காட்டிய வழியில்...

அதோ, கடைசி வரிசையில் ஒரு கை. இன்னொன்று. சரி, சரி, எல்லாக் கையும் தெரிகிறது.

நியாயம்தான். எந்த விளக்கு? திரும்பச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. நானே எழுதிய ஒரு கதையோடு வருவேன். பக்கத்து அறையில் திடீரென்று கூச்சல் நின்றுபோன ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றியது. எனக்கு எழுத வராது. நீங்கள் கை தூக்குங்கள், நான் திருத்துகிறேன். தலைமை ஆசிரியர் ஐயாவும் பின் பெஞ்சில் வந்து உட்காரட்டும்.

என்ன கேட்கிறாய் அம்மா? என் கையா? இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விடமாட்டேன் என்கிறது.

இறக்கிவிட்டீர்களா? நன்றி, பிள்ளைகளே.