கோயில் வாசலில் நிற்பவர்

"ஜேர்மனியிலை ஒட்டுத்துணி இல்லாமல் நிண்டனான் மச்சான். கோயிலுக்குள்ளை போறதுக்குச் சேட்டுக் கழட்டத்தான் என்னாலை ஏலாது."

புருசெத் நிலையத்தில் ரயில் ஏறி எனக்கு எதிரே அமர்ந்த இரண்டு நடுவயதுக்காரர்களில் தொப்பி போட்டவர் இப்படிச் சொன்னதும், நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன்.

"அதென்ன, குளிக்கிற இடமோ?" என்றார் மற்றவர்.

"பெரிய சவுனா, நீராவிக் குளியல். ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் ஒண்டாத்தான். வேலையிடத்துப் பெடியள் இழுத்துக்கொண்டு போட்டாங்கள்."

"உன்ரை முதுகை ஒருத்தரும் பாக்கேல்லையே?"

"ஒரு கிழவர் பாத்தவர். பாத்திட்டு, தன்ரை நெஞ்சிலை இருந்த ஒப்பரேசன் தழும்பைத் தொட்டுக் காட்டிச் சிரிச்சார். ஒண்டும் கேக்கேல்லை."

"பிறகேன் கோயிலிலை மட்டும் வாசலோடை நிக்கிறாய்? இந்தமுறை தேருக்காவது உள்ளை வாவன். சண்டையிலை செல் வெடிச்சுப் பட்ட காயம் எங்கடை சனம் காணாததே?"

"கண்ட சனம் எண்டபடியாத்தான் கேக்கும். எந்த இடத்திலை பட்டது, பக்கத்திலை ஆர் நிண்டது எண்டு கேக்கும். பிறகு நான் தம்பியைப் பற்றிச் சொல்ல வேணும்."

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. மற்றவர் இருண்ட கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நகர மையத்தில் இறங்க எழுந்தபோது சொன்னார்.

"தேர் நாளிலை நானும் உன்னோடை வாசலிலை நிக்கிறன்."