ஆறு நிமிடப் பாட்டும் ஒன்றரை நிமிடப் பாடகனும்

கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கிறது என்று கை தூக்கியவர்களின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

ஆண்டு முழுதும் எங்களை மாடிக்கு மாடி விரட்டிவிட்டு, இன்று ஒருநாள் மட்டும் சிரித்த முகத்தோடு நடு நாற்காலியில் வீற்றிருக்கும் விழாத் தலைவரே, எங்கள் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் மேலாளர் பெருந்தகையே! கம்பிக் கதவுக் காலத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிக் காலம்வரை கண்டும், கையிலே கிரீஸும் கண்ணிலே கனிவும் குறையாத மூத்த மெக்கானிக்குகளே! எங்கள் கோபத்தைப் பொறுத்தவர்களே, எங்கள் குறட்டையைப் பொறுத்தவர்களே, அதற்கும் மேலாகப் போன ஆண்டு என் பாட்டையும் பொறுத்தவர்களே, தாய்மார்களே! கேக் மேஜையை விட்டு அங்குலமும் அசையாமல் காவல் காக்கும் குழந்தைச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் பணிவான வணக்கம், பதற்றமான வணக்கம், இன்று பாடமாட்டேன் என்று உறுதி கூறும் வணக்கம்!

ஏன் இப்படிக் கை தட்டுகிறீர்கள்? இதில் பாதியைப் போன வருடம் தட்டியிருந்தால் நான் இன்று பாடகனாகியிருப்பேனே!

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, "விடுமுறை விருந்தில் எல்லோரும் ரசிக்கும் அனிமே பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?" மேலாளர் அறைக்குப் போய்க் கேட்டேன், "இதுல நான் என்னங்க பேசறது? எனக்கு என்ன தகுதி?" அவர் தலை நிமிராமலே சொன்னார்: "எப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னு செஞ்சு காட்டினவன் இந்தக் கம்பெனியிலயே நீ ஒருத்தன்தான்யா. நீ பேசி முடிச்சாதான் கரோக்கி மெஷினை ஆன் பண்ணுவேன்." ஆக, உங்கள் பாட்டுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும் ஒரே தடை நான்தான். சுருக்கமாகப் பேச முயல்கிறேன்.

அனிமே என்றால் என்னவென்று கேட்கும் பெரியவர்களுக்குச் சொல்கிறேன். ஜப்பான்காரர்கள் வரைகிற கார்ட்டூன் தொடர். தொடக்கத்தில் ஒரு பாட்டு, முடிவில் ஒரு பாட்டு. டி.வி.யில் ஒன்றரை நிமிடம்தான் வரும். அந்த ஒன்றரை நிமிடத்தை மனதிலே வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் அங்கேதான் போனது.

அதோ, மூன்றாவது வரிசையில் தூண் மாதிரி உயர்ந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவரை "ஒட்டடைக்குச்சி" என்போம். ஒன்பது ஆண்டுகளாக என் ஜோடி. அவன் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை செய்வான்; நான் மொட்டை மாடி மோட்டார் அறையில் நின்று பெட்டியை நகர்த்துவேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அவன் "மேலே" என்றால், நானும் "மேலே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். "கீழே" என்றால் "கீழே." திருப்பிச் சொல்லாமல் பெட்டி ஓர் அங்குலமும் நகரக் கூடாது, நகர்ந்தால் ஆள் காலி. எண்ணிப் பாருங்கள், ஒன்பது ஆண்டுகள் அவன் உயிர் என் வாயை நம்பி இருந்திருக்கிறது! அந்த வாயால் நான் என்ன செய்தேன்? பாடினேன்!

லிஃப்ட் பெட்டி ஏறி இறங்கும் குழியில் பாடிப் பார்த்திருக்கிறீர்களா? கழுதை கத்தினாலும் கச்சேரியாகக் கேட்கும். அந்த எதிரொலியை நம்பி நான் என்னைப் பாடகன் என்று நினைத்தேன். ஒட்டடையோ உண்மையிலேயே பாடுவான். பறக்கும் தகர ரோபோவைப் பற்றிய கார்ட்டூன் ஒன்றின் தொடக்கப் பாட்டை மூன்று மாதம் பயிற்சி செய்தான். வார்த்தை ஒன்றும் யாருக்கும் புரியாது. ஆனால் நாலு வரிக்கு ஒருமுறை சபை முழுக்க "ஹோய்! ஹோய்!" என்று கத்தலாம். போன வருடம் பாட்டுப் பட்டியல் போடும் பொறுப்பு என் கையில். அவன் தன் பாட்டை எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு, "என் பொண்ணு முன்வரிசையில உக்காந்து பாக்கணும்னு சொல்றாடா, நல்ல இடமாப் போடு" என்றான்.

நான் என்ன செய்தேன்? "இது சின்னப்புள்ளைங்க பாட்டுடா, நம்ம தரம் என்ன?" என்று கடைசியில் தள்ளினேன். அதற்கு முன்னால் யாரைப் போட்டேன்? என்னைப் போட்டேன்! எந்தப் பாட்டு? நிலாவில் தனியாக இருந்து தனியாகவே சாகும் ஒருவனைப் பற்றிய தொடரின் முடிவுப் பாட்டு. எத்தனை பேர் பார்த்த தொடர்? நான் பார்த்த தொடர். விடுமுறைக் கொண்டாட்டத்தில், பலூன்களுக்கு நடுவில், ஒப்பாரி!

அதோடு விட்டேனா? இசையை மட்டும் போடும் கரோக்கி மெஷினில் இரண்டு பொத்தான்கள். ஒன்று டி.வி. அளவு, ஒன்று முழுப் பாட்டு. நான் கலைஞன் அல்லவா, முழுப் பாட்டை அழுத்தினேன். ஆறு நிமிடம்! எனக்குத் தெரிந்ததோ ஒன்றரை நிமிடம்! டி.வி.யில் வராத சரணத்தை நான் எங்கே கேட்டேன்? திரையில் ஜப்பான் எழுத்து ஓடுகிறது, நான் "லா லா" என்று ஓடுகிறேன். பிறகு வந்தது இடையிசை. ஒரு நிமிடம் நாற்பது விநாடி வெறும் வயலின். கையை எங்கே வைப்பது? கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். திறந்து பார்த்தால் பாதி நாற்காலி காலி. என் மனைவிகூடத் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பவில்லை. சரணம் தெரியாததால் அன்று முதல் என் பெயர் "பல்லவி."

ஆமாம் தம்பி, சிரியுங்கள். ஆனால் நான் சிரிக்காத இடம் ஒன்று உண்டு.

ஐந்து மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். என் பாட்டு முடியும்போது மணி ஐந்து. காவலாளி வந்து சுவிட்சை அணைத்தார். மேடைப்படியில் ஒட்டடை நின்றுகொண்டிருந்தான், இஸ்திரி போட்ட சட்டையோடு. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது மகள். அவள் என்னைத்தான் கேட்டாள்: "மாமா, அப்பா எப்பப் பாடுவாரு?" மைக்கை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவினேன். ஆறு நிமிடம் கத்திய வீரன்!

அன்றிலிருந்து ஒட்டடை என்னோடு மூன்று சொல்தான் பேசுகிறான். மேலே. கீழே. நிறுத்து. அந்த மூன்றும்கூட விதி இருப்பதால்தான் கிடைக்கின்றன. ஒரு வருடம், நண்பர்களே! தேநீர் குடிக்கையில் பேச்சில்லை, குழியில் பாட்டில்லை. வேறு ஜோடி கேட்டு அவன் எழுதிய கடிதம் மேலாளர் மேஜையில் இருக்கிறது. விடுமுறை முடிந்த திங்கட்கிழமை கையெழுத்தாகும். எனக்கு அவன் வேண்டும். வேறு எவனும் வேண்டாம். இதைத் தனியாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இருநூறு பேர் முன்னால் சொல்கிறேன்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நீங்கள் பாடும் அழகைப் பார்த்துத் தேடாதீர்கள். எதிரே இருப்பவர்கள் வாய் திறக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்! அரிய பாட்டு வேண்டாம், அறிந்த பாட்டு போதும்! அழ வைக்கும் பாட்டு வேண்டாம், அடுத்தவர் முறை வருவதற்குள் முடியும் பாட்டு போதும்! டி.வி. அளவு என்ற பொத்தானை ஒருநாளும் இகழாதீர்கள்! எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்குப் பின்னால் படியில் ஒருவன் நிற்கிறான். அவனைத் திரும்பிப் பாருங்கள்!

இந்த வருடப் பட்டியலில் முதல் பாட்டு தகர ரோபோ. பாடுபவர் இடத்தில் பெயர் எழுதவில்லை. ஒட்டடை, தப்பு என்னுதுதான்டா. மன்னிச்சிரு. இப்போது தொழில் விதிப்படி கூப்பிடுகிறேன்.

மேலே!

திருப்பிச் சொல்லாமல் எதுவும் நகரக் கூடாது. காத்திருக்கிறேன்.

என்ன? பாப்பா, நீ சொல்லிவிட்டாயா? "மேலே" என்று பாப்பா சொல்லிவிட்டாள்! ஆனால் விதிப்படி அப்பா சொல்ல வேண்டுமே. இதோ எழுந்துவிட்டான். என்ன சொல்கிறான்? சத்தமாகச் சொல்லுடா, சபைக்குக் கேட்கட்டும்!

"மேலே வரேன். நீ மொதல்ல கீழே எறங்கு. இந்த மைக்கை இன்னொரு வாட்டி உன்கிட்ட விட்டா என் பொண்ணு என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

கேட்டீர்களா? எண்ணிப் பாருங்கள், எத்தனை சொல்! ஒரு வருடத்தில் அவன் என்னிடம் பேசாத அத்தனை சொல்!

விதிப்படி நானும் திருப்பிச் சொல்கிறேன்: கீழே! பொறுத்த உள்ளங்களுக்கெல்லாம் என் நன்றி, இனி பாடப்போகிறவனுக்கு என் வணக்கம். "ஹோய்" சொல்ல எல்லோரும் தயாராகுங்கள், டி.வி. அளவுப் பொத்தானை நானே அழுத்திவிட்டு இறங்குகிறேன்.