ஆரஞ்சுக்கு அனுமதி இல்லை

உட்காரச் சொன்னதற்கு நன்றி ஐயா, நான் நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன். நாற்காலி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து மற்றவர்களை ஊர் ஊராக அனுப்பிவைத்தவளுக்கு அதன்மேல் ஒரு சலிப்பு வந்துவிடும். குறுக்கும் நெடுக்கும் நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பி ஓடும் எண்ணமெல்லாம் இல்லை. கால் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

என் பெயர் சோல்வே. இந்த லிவிங்ஸ்டனில் சிலெஷே அம்மாவின் சுற்றுலாக் கம்பெனியில் பயணத்திட்டம் போடுவது என் வேலை. அருவி பார்க்க வருகிறவர்கள் எந்தப் படகில் ஏறுவது, எங்கே நின்று யானை பார்ப்பது, எந்த மரத்தடியில் சாப்பிடுவது, எல்லாம் முதலில் என் மண்டைக்குள்தான் நடக்கும். என் மேசைக்கு எதிரே ஜன்னல். அதில் மோசி-ஓவா-துன்யா அருவியின் நீர்ப்புகை தெரியும். காற்று திரும்பினால் சத்தமும் வரும். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே, யாரோ ஒருவர் அங்கே போவதற்கு நாள் முழுக்க வழி போடவேண்டும். பந்தியில் பரிமாறிக்கொண்டே பட்டினி கிடப்பது மாதிரி.

லுபாசியைப் பற்றித்தானே கேட்டீர்கள். வருகிறேன்.

லுபாசி எங்கள் வழிகாட்டிகளில் கெட்டிக்காரன். அவன் லோசி இனம், நான் டோங்கா இனம். உங்கள் பெயரைப் பார்த்தால் நீங்களும் லோசிதான், ஆகவே இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை உண்டு. நீங்கள் எங்களைப் பெண்டாட்டியை விற்றாலும் மாட்டை விற்காதவர்கள் என்பீர்கள். நாங்கள் உங்களைப் பூனை வந்தாலும் மண்டியிட்டுக் கைதட்டுகிறவர்கள் என்போம். எதைச் சொன்னாலும் எதிராளி கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அவனுக்குத்தான் கேவலம். நானும் லுபாசியும் மச்சான், மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவனுக்கு மூக்கில் மோப்பம் அடியோடு போய்விட்டது. திரிந்த பாலைக்கூடக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பான். அதை வைத்து நான் அவனை ஓட்டாத நாளில்லை. அவன் எனக்கு வைத்த பெயர் நாற்காலி. அலுவலகத்துக்குள் நுழையும்போதே, "நாற்காலி, சௌக்கியமா?" என்பான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. முறை அப்படி.

போன கோடையில் நான் ஒரு புதுப் பயணம் யோசித்தேன். ஆற்றின் மேல்பக்கம் தொலைவில் படகு இறக்குவது, நீர்யானைத் துறைகளை ஒதுக்கி ஒதுக்கி வருவது, கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது, காட்டில் நடப்பது, கடைசியாக அருவியின் விளிம்பிலேயே இருக்கும் தீவில் போய் இறங்குவது. எல்லோரும் அருவியை முதல் நாளே காட்டிவிடுவார்கள். நான் கடைசியில் வைத்தேன். வழியெல்லாம் அதன் சத்தம் மட்டும் காதில் ஏறிக்கொண்டே வரவேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. பார்க்கும் நேரத்தில் மனிதன் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். இதைப் போடும்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தூக்கம் போய்விட்டது. அடுப்பில் நிஷிமாக் களியைக் கிளறிக்கொண்டே மனசுக்குள் படகு திருப்புவேன்.

விருந்தாளிகளை அழைத்துப் போவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் விடவேண்டும் அல்லவா. படகுக்காரர் போக இரண்டு பேருக்கு இடம். லுபாசியோடு என்னையும் போகச் சொல்லிச் சிலெஷே அம்மா முடிவு செய்துவிட்டார்கள். நான் செருப்பை மாற்றிப் புது பூட்ஸ் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினேன்.

கிளம்பும் வாரத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது லுபாசி சொன்னான், "அம்மா, மதினியைக் கூட்டிட்டுப் போறது பெரிசில்ல. ஆனா அது உட்கார்ந்த நாற்காலியும் கூடவே வருமே, அதை யாரு தூக்குறது? படகு தாங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே. சிலெஷே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் சொல்றதும் சரிதான் சோல்வே. நீ போயிட்டா போனை யாரு எடுப்பா? அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்கள். என் இடத்தில் சாமான் மூட்டை போயிற்று.

நான் கோபப்படவில்லை. அந்த டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்தேன். கேலிக்குக் கேலி என்பது நம் வழக்கம். என் முறை வந்திருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

எங்கள் முகாமில் ஆரஞ்சு, எலுமிச்சை எதற்கும் அனுமதி இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யானைக்கு அந்த வாசனையில் கிறுக்குப் பிடித்துவிடும். ஒரு தடவை ருசி கண்ட யானை கூடாரமா சுவரா என்று பார்க்காது. வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் நானே போன் போட்டு இதைச் சொல்வேன். வழிகாட்டிகள் அவர்கள் பையைத் திறந்து சோதிப்பார்கள். வழிகாட்டியின் மூட்டையை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. அதைக் கட்டி அனுப்புகிறவள் நான்.

அவன் படுக்கையில் ஆரஞ்சு வைத்தேன். வேடிக்கைக்குத்தான். படுக்கையை விரித்ததும் உருண்டு வரும், என்னைத் திட்டுவான், ஊர் முழுக்கச் சிரிக்கும் என்று.

உருண்டு வராதபடி தைத்திருந்ததே என்று கேட்கிறீர்கள். உண்மை. கித்தான் மெத்தையின் கால்மாட்டில் பஞ்சைப் பிரித்து, உள்ளே வைத்து, மறுபடி தைத்தேன். தைக்காவிட்டால் வழியிலேயே கீழே விழுந்துவிடுமே. வேடிக்கை என்றாலும் செய்வதைத் திருந்தச் செய்யவேண்டும் என்பது என் குணம். முழுப் பழமாக வைக்காமல் பாதி பாதியாக நறுக்கி வைத்ததும் உண்மை. முழுப் பழம் காலில் இடறும். நறுக்கினால் வாசனை அதிகம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அவன் மூக்குக்கு அது எட்டாது என்பதும் தெரியும். அதெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்ததில்லை, கை பாட்டுக்குச் செய்தது.

அந்த ஒற்றைத் தந்த யானை, ஒற்றைக் கொம்பன், அந்தப் பக்கம்தான் திரிகிறான் என்பது தெரியுமா என்றால், தெரியும். அவன் ஒரு விடுதியின் குப்பைக்குழியில் ஆரஞ்சுத் தோல் தின்று பழகியவன். போன வருடம் ஒரு சமையல் கூடாரத்தை நார் நாராகக் கிழித்தவன். அவனைப் பார்க்க வாய்ப்புண்டு என்பதால்தான் அந்தக் கரையைத் தங்குமிடமாகப் போட்டேன். ஆனால் அது விருந்தாளிகளுக்காக, ஆரஞ்சு யோசனைக்கு முன்பே போட்டது. இரண்டையும் சேர்த்துப் பேசாதீர்கள்.

அவர்கள் அந்தக் கரையில் கூடாரம் போட்ட அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் நான் மட்டும் ரேடியோ கருவிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரம் அவன் குரல் வந்தது.

"நாற்காலி, நாற்காலி, கேக்குதா?"

"கேக்குது மச்சான், சொல்லு."

"ஒத்தைக் கொம்பன் இங்கயே சுத்திக்கிட்டு இருக்கான். போறான், திரும்ப வர்றான். தும்பிக்கையைத் தூக்கித் தூக்கிப் பாக்குறான். எதைத் தேடறான்னே புரியல. படகுக்காரர் படகுலயே படுத்துக்கறேன்னுட்டார். நானும் பேசாம எல்லாத்தையும் போட்டுட்டு அக்கரைக்குப் போயிடலாமான்னு பாக்குறேன்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். படுக்கையைத் தூக்கி ஆற்றில் போடு என்றால் முடிந்தது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உங்க ராஜா படகு உச்சியில யானைப் பொம்மையை ஏத்தி வெச்சுக் கொண்டாடுறவங்க நீங்க. சொந்தக்காரன் வாசலுக்கு வந்தா ஓடுறதா? மண்டி போட்டுக் கைதட்டு, மரியாதையைப் பாத்துட்டுப் போயிடுவான்."

அவன் சிரித்தான். அவன் சிரிப்பு எப்போதும் நன்றாக இருக்கும். "போச்சு. ஓடினேன்னு தெரிஞ்சா நீ ஊரெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கிடுவே. சரி மதினி, இங்கயே படுக்கறேன். நீ வீட்டுக்குப் போ, இன்னும் அந்த நாற்காலியிலதானே இருக்கே?"

நின்றுகொண்டுதான் இருந்தேன். அதைச் சொல்வதற்குள் அவன் ரேடியோவை நிறுத்திவிட்டான்.

போக நினைத்தவனைக் கேலி பேசி இருக்க வைத்தது நான்தான் ஐயா. நீங்கள் தையலைக் கண்டுபிடித்தீர்கள், விதைகளைப் பொறுக்கினீர்கள். இதை மட்டும் நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காததையும் சொல்லிவிடுவது நியாயம் என்று பட்டது. ஒற்றைக் கொம்பன் கூடாரத்தோடு சேர்த்து அவனை மிதித்துக் கொன்றுவிட்டான் என்று காலையில் படகுக்காரர் வந்து சொன்னபோது நான் ஆச்சரியப்படவில்லை.

ஒற்றைக் கொம்பனைச் சுட்டார்கள் என்று கேட்டபோதுதான் மனது கஷ்டப்பட்டது. அது பாவம், அதற்கு என்ன தெரியும்.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது, அங்கே அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது கேலி முறைக்காரர்களின் வேலை. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவன் மாதிரியே தோளைச் சாய்த்து நடந்து காட்டினேன். சவப்பெட்டியைத் தட்டி, "எழுந்திருடா சோம்பேறி, படகு கிளம்புது" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் அம்மாகூடச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்திதான் அவனை நல்லாத் தெரிஞ்சவ" என்றார்கள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒரு பயணத்துக்காகவா ஆளைக் கொல்லுவாள் என்று சிலெஷே அம்மா உங்களிடம் அழுதார்களாம். நானும் அதையேதான் கேட்கிறேன். யாராவது அதற்காகக் கொல்வார்களா? அது வேடிக்கை. நம் வழக்கப்படி அவன் கோபப்பட்டிருக்க மாட்டான். நீங்களும் லோசி, உங்களுக்கும் என்மேல் கோபப்பட உரிமையில்லை.

பெண்கள் சிறை கப்வேயில் இருக்கிறதாமே. அந்தச் சாலையில் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன், நான் போனதில்லை. வழி போடுவதில் நீங்கள் புதியவர், ஆகவே சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். சோமாவில் நிறுத்திச் சாப்பிடலாம், கறி நன்றாக இருக்கும் என்பார்கள். மசபூக்காவின் கரும்புத் தோட்டங்களை அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே போகவேண்டும். காஃபுவே பாலத்தில் வண்டியை மெதுவாக விடச் சொல்லுங்கள். விலங்கு மாட்டுவதென்றால் மாட்டுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. ஜன்னலோரம் மட்டும் கொடுங்கள். அத்தனை தூரமும் உட்கார்ந்தே வருவேன் ஐயா. ஓடுகிற வண்டியில் இருப்பது நாற்காலி இல்லையே.