திருத்திய பதிப்பு

புத்தகத்தைப் பதிவு செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை அம்மா. ஜனங்கள்தான் வீணாகப் பயப்படுகிறார்கள். பிரதியின் நகல்கள், ஒரு விண்ணப்பம், எழுதியவர் யார் என்று ஓர் உறுதிமொழி. ஆட்சேபணை சொல்ல ஊருக்குக் கொஞ்சம் அவகாசம் தருவீர்கள். யாரும் வாயைத் திறக்காவிட்டால் சான்றிதழ் வீடு தேடி வந்துவிடும். பதிப்புரிமை அலுவலகத்தின் விசாரணை அதிகாரியான உங்களிடமே இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நானும் சொத்துப் பத்திரங்களைப் பதியும் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். காகிதத்தின் அருமை தெரிந்தவன்.

அதனால்தான் சின்னவள் என்னிடம் வந்தாள். எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு பெண்களில் அவள் இளையவள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். என் வீட்டு மாடியறையில் இருந்தாள். ஒரு நாள் காலை, நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காகிதக் கட்டை என் மடியில் வைத்தாள்.

"அண்ணா, புத்தகம் எழுதிட்டேன். பதிப்பகத்துக்காரங்க இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறாங்க. நானே அச்சுப் போட்டுக்கறேன். இந்த பதிப்புரிமை, ஐஎஸ்பிஎன் எல்லாம் எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. நீ பாத்துக்கோ."

"என்ன புத்தகம்? ஊசி போடறது எப்படிங்கறதா?"

"படிச்சுப் பாரு. உனக்கும் கொஞ்சம் குத்தும்."

படித்தேன். அது பெரியவளைப் பற்றியது.

பெரியவளுக்கு வலிப்பு வரும். தனக்குத் தானே சிரிப்பாள். கெட்ட பெண் இல்லை. என் கல்யாணப் பேச்சு நடந்த சமயம், பெண் வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளேயிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. அவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அப்பா ஒரு வாரம் தெருவில் இறங்கவில்லை. பிறகு நான்தான் அவளை வேறு ஊரில் இருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டேன். அங்கே பதிவேட்டில் அப்பா பெயரை மாற்றிக் கொடுத்தேன். காய்ச்சலில் போய்விட்டாள் என்று தெருவில் சொன்னோம். அப்போது பள்ளிச் சிறுமியாக இருந்த சின்னவளிடமும் அப்படித்தான் சொன்னோம். அழுதாள். குழந்தைகள் அழுது ஓய்ந்துவிடும்.

ஆனால் அவள் நர்ஸாகி, ஒரு மருத்துவ முகாமுக்காக அதே காப்பகத்துக்குப் போயிருக்கிறாள். அந்தச் சிரிப்பை வைத்தே அக்காவை அடையாளம் கண்டுகொண்டாளாம். அதற்குப் பிறகு மாதாமாதம் போயிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். புத்தகத்தில் எல்லாம் இருந்தது. யார் கொண்டுபோய் விட்டது என்பதும் இருந்தது. அது வெளிவருகிற அன்று அக்காவை வீட்டுக்குக் கூட்டி வரப்போவதாகக் கடைசி அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். ஒளித்து வைத்தவர்கள் ஊர் பார்க்க வாசலைத் திறக்கட்டும் என்று ஒரு வரி.

நன்றாக எழுதியிருந்தாள். அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அப்பா காலத்திலிருந்தே வீட்டுப் பெரியவர் நீட்டுகிற காகிதத்தை யாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. படித்தால் அது அவமரியாதை. சின்னவள் உத்தியோகம் பார்த்தவள்தான், ஆனாலும் அந்த மரியாதை அவளிடம் இருந்தது. உறுதிமொழியை அவள் முன் வைத்தேன்.

"என்னண்ணா எழுதியிருக்கு?"

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ சாமி, ஆளை விடு. பேனாவைக் குடு."

நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பது அதுதான். இந்த நூலை எழுதியவர் என் அண்ணன், அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் மட்டுமே நான், எனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்று இருக்கிறது. கையெழுத்து அவளுடையது. வாசகம் என்னுடையது. வெளிவராத படைப்பாக என் பெயரில் பதிவு செய்தேன். அவகாசம் முடியும்வரை ஆட்சேபணை வரவில்லை. எப்படி வரும்? எனக்காக மாடியில் அவள் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள்.

அவள் அச்சுக்குக் கொடுத்தபோது நான் தடுக்கவில்லை. அச்சாகி முடிந்த பிறகுதான் அச்சகத்துக்கு நோட்டீஸ் அனுப்பினேன். அச்சகக்காரர் பயந்துபோய் எல்லாப் பிரதிகளையும் கூழாக்க அனுப்பிவிட்டு, கடை வாசலில் நாலு பேர் முன்னால் அவளைக் கேட்டாராம்: "ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? கூடப்பிறந்தவர் எழுதினதைத் திருடலாமா?"

வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"ஏண்ணா?"

"அப்பா பேருக்காக."

"அக்கா உயிரோட இருக்காண்ணா."

"இருக்கட்டும். யார் வேண்டாங்கறாங்க?"

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மாடிக்குப் போய்விட்டாள். கூட வேலை பார்த்த நர்ஸுகள் பேச்சை நிறுத்தினார்கள். தெருக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் வெளியே போவதை விட்டாள், பிறகு காப்பகத்துக்குப் போவதை விட்டாள், பிறகு சாப்பாட்டை. நான் தினமும் தட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் எழுதினார்.

அவள் உழைப்பு வீணாகக்கூடாது என்று நினைத்தேன். அதனால் திருத்திய பதிப்பு ஒன்று கொண்டுவந்தேன், என் பெயரில். அதிகம் மாற்றவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே பெரியவளைக் காய்ச்சலில் போகவிட்டேன். நாலே வரி. நல்ல வரிகள், நோகாமல் எழுதினேன். ஐஎஸ்பிஎன் வாங்கி, நூலகத்துக்குச் சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதிகளையும் அனுப்பினேன். சமர்ப்பணம் சின்னவளுக்கு.

இப்போது காப்பகத்து மேட்ரன் சின்னவளின் கைப்பிரதியைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்திருக்கிறார். அக்காவுக்குப் படித்துக் காட்ட அங்கேயே விட்டு வைத்திருந்தாளாம். சரி. பதிவை ரத்து செய்துவிடுங்கள். நான் மேல்முறையீடு செய்யப் போவதில்லை.

மேட்ரனுக்கு நான் எழுதிய பதிலையும் கேட்கிறீர்கள். ஆம், அதுவும் நான் எழுதியதுதான். பெரியவளுக்கு வயிற்றில் அவசர ஆபரேஷன், உறவினர் கையெழுத்து வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். சின்னவள் கொடுத்து வைத்திருந்த முகவரி. வந்தவரை உட்காரவைத்து, என் தங்கை சிறுவயதிலேயே இறந்துவிட்டாள், நீங்கள் சொல்வது யாரையோ, என்று எழுதிக் கொடுத்தேன். ஆதாரமாகப் புத்தகத்தையும் கொடுத்தேன், இரண்டாம் அத்தியாயத்தில் அடையாளம் வைத்து. பதிவு செய்த நூல். அவர்கள் வேறு உறவினரைத் தேடினார்கள். தேடி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆமாம், அவள் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

மேட்ரன் இங்கே வாசலில் என்னை மடக்கி ஒன்று சொன்னார். வலியிலும் பெரியவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாளாம். "எங்கண்ணன் வருவார், கையெழுத்துப் போடுவார்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அவர் அதைக் குத்தலாகத்தான் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அவள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். இதைத்தான் அம்மா, நான் குடும்ப மானம் என்கிறேன்.