பூசணிப் பாத்தியில் மூவாயிரம் பெட்டிகள்

எனக்கு மண்வெட்டி பிடிக்க வரும் என்பதே நாற்பத்தெட்டாவது வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவனுக்குக் கரண்டி பிடித்தால் போதும் என்று இருந்துவிட்டேன். சுகாதார அதிகாரி அம்மா, நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், நானும் பொறுமையாகவே சொல்கிறேன். நடந்ததில் மறைக்க ஒன்றும் இல்லை. மறைத்ததெல்லாம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது.

என் கடையில் பிளாஸ்டிக் டப்பா கிடையாது. சோள மாவில் செய்த மக்கும் பெட்டிதான். "மண்ணிலிருந்து வந்தேன், மண்ணுக்கே போவேன்" என்று மூடியில் பச்சை எழுத்தில் இருக்கும். வாசகம் என்னுடையது. அதற்காக வணிகர் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அந்தப் பெட்டியில்தான் கொடுப்போம். ஆகவே காலிப் பெட்டிகள் எங்களிடமே சேரும். அவற்றை உர ஆலையின் வண்டி செவ்வாய்தோறும் வந்து எடுத்துப்போக வேண்டும் என்பது ஏற்பாடு.

வண்டி ஓட்டுகிற அம்மா முதல் வாரமே தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தாள்.

"இதுல பிளாஸ்டிக் ஸ்பூன் கெடக்குங்க. எடுத்துட்டுப் போக முடியாது."

"ஒரு ஸ்பூன்தானேம்மா?"

"ஒரு ஸ்பூனா? இங்க பாருங்க, சாஸ் பாக்கெட், ஸ்ட்ரா, யாரோட பல்செட்டோ. பிரிச்சு வைங்க, அடுத்த வாரம் வர்றேன்."

அவள் சொன்னது நியாயம்தான். சாப்பிட்டு எழுகிறவர்களிடம் எதை எந்தத் தொட்டியில் போடுவது என்று ஒரு ஆள் நின்று சொன்னால் போதும். என் மனைவி நிற்கிறேன் என்றாள். நான் சம்மதிக்கவில்லை. பொன்னாடை போர்த்தியவன் கடையில் குப்பைத்தொட்டிக்குக் காவல் நிற்பதா? மூன்று வாரத்தில் பெட்டிகள் சரக்கறையை நிறைத்துக் கழிவறைக் கதவு வரைக்கும் வந்தன. நான் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டேன்.

அப்போதுதான் மூடியில் இருந்த என் வாசகத்தை நானே நிதானமாகப் படித்தேன். மண்ணுக்கே போவேன். யாருடைய மண் என்று அதில் சொல்லவில்லை.

மனைவியின் அண்ணன், என் மச்சான், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒண்டிக்கட்டை. வீட்டுக்குப் பின்னால் பூசணி போடுகிறார். காய்கறிக் கண்காட்சியில் மூன்று வருடமாக இரண்டாம் பரிசு அவருக்கு, முதல் பரிசு எதிர்வீட்டுத் தையல்காரருக்கு. மச்சானுக்கு இடுப்பு வலி, குனிந்து கொத்த முடியாது. புதன்கிழமைதோறும் அதற்கான சிகிச்சைக்குப் போய்விடுவார். ஒரு உறவினராக நான் உதவத்தானே வேண்டும்?

"நான் வந்து கொத்திக் கொடுக்கறேன் மச்சான். நீங்க நிம்மதியா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க."

"இத்தனை வருஷத்துல எங்க வீட்டுல நீங்க ஒரு நாற்காலியைக்கூட நகத்துனதில்லை, மாப்பிள்ளை," என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. நான் சோற்றுப் பெட்டியைப் பூசணிக்காய்க்கு அடியில் மறைத்தேன். ஒரு குழிக்கு நூறு, மேலே நான்கு விரல் மண். ஆறு புதன்கிழமைகள். தோட்டம் முழங்கால் அளவு உயர்ந்தது. "மண்ணு நல்லாப் பொலபொலன்னு வந்திருக்கு," என்று மச்சான் என்னைத் தட்டிக்கொடுத்தார். நான் தன்னடக்கமாக நின்றேன்.

கொடி படர்ந்தது, பூவும் வைத்தது. பிஞ்சுகள்தான் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் உதிர்ந்தன. வேர் எங்கே போகும், பாவம். மச்சான் தினமும் அவற்றைப் பொறுக்கி ஜன்னலில் வரிசையாக வைத்தார். சரியாகச் சாப்பிடுவதை விட்டார்.

"என் கைராசி போயிடுச்சு, மாப்பிள்ளை."

"வயசாகுதில்ல மச்சான்," என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அந்த வருடம் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம் என்றும் ஆலோசனை சொன்னேன். ஒரு மனிதன் நாலு பேர் முன்னால் அவமானப்படுவதை என்னால் பார்க்க முடியாது.

இடையில் அவருடைய நாய் ஒரு சங்கடம் செய்தது. ஒருநாள் பாத்தியைத் தோண்டி ஒரு மூடியைக் கவ்விக்கொண்டு வந்து மச்சான் மடியில் வைத்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். நாய் என் கடைக்கு வந்து திருடுகிறது, வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று சொன்னேன். நேர்மையான மனிதர், துடித்துப்போனார். மறுநாளே அதைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டார். நாய்க்கு அங்கே குறையில்லை. இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. சாயங்காலங்களில் வேலி இடுக்கு வழியாக மச்சானைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பிறகு மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் மனைவியோடு போய்ப் பார்த்தால், தோட்டம் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்கப் பெட்டிகள். ஒன்றுகூட மக்கவில்லை. கழுவித் துடைத்த மாதிரி பளபளவென்று, பச்சை எழுத்து துளியும் அழியாமல் மிதந்தன. தரமான சரக்கு, அதைச் சொல்லியாக வேண்டும்.

மனைவி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அடியில் பொடி எழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தாள். "அதிக சூடுள்ள உர ஆலையில் மட்டுமே மக்கும். தோட்டத்தில் புதைக்க வேண்டாம்."

"என்னங்க, இது நம்ம பெட்டிதானே?"

"மாதிரி இருக்கு," என்றேன்.

மச்சான் கோபப்படவே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ நாய் திருடலையா, மாப்பிள்ளை?"

இவ்வளவு பெரிய வெள்ளத்தில் நாயைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லை என்று சொன்னேன். அவர் அப்படியே, ஈர வேட்டியோடு, தையல்காரர் வீட்டுக்குப் போனார். கதவு திறந்ததும் நாய் அவரைத் தள்ளியே விட்டது. இரண்டு பேரும் வாசலிலேயே சேற்றில் கிடந்தார்கள். யார் அழுதார்கள் என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. அன்று மாலையே உங்களிடம் புகார் கொடுத்தது என் மனைவி. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்.

இப்போது கடையில் அவள்தான் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பெட்டி இதில், ஸ்பூன் அதில் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். செவ்வாய்க்கிழமை வண்டி வருகிறது, எடுத்துப்போகிறது. யாரும் அவளை ஏளனமாகப் பார்க்கவில்லை. இவ்வளவு சுலபம் என்று யாராவது எனக்கு முன்பே விளக்கியிருக்கலாம்.

நான் வாங்கியது மூவாயிரத்து முந்நூறு, தோட்டத்தில் கிடைத்தது மூவாயிரம், மிச்சம் எங்கே என்று கேட்கிறீர்கள். போன திங்கட்கிழமை ஆதாரத்தோடு வரச் சொன்னீர்கள். இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உங்கள் ஜன்னலுக்குக் கீழே ரோஜாப் பாத்தி இருக்கிறது, பக்கத்திலேயே தோட்டக்காரருடைய மண்வெட்டியும் சாய்ந்திருந்தது.

வாசலில் குப்பைத்தொட்டி இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் அதில் "மக்காத குப்பை மட்டும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விதி என்று ஒன்று இருக்கும்போது அதை மீறுகிற ஆள் நான் இல்லை, அம்மா.