கூட வந்த அக்கா

மாலை ஏழு மணி. மழை விட்டும் விடாத நேரம். சுங்கை சிப்புட்டுக்குப் போகிற பெரிய ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தோட்டத்துப் பாதை... ஒரு காலத்தில் ரப்பர் நின்ற இடம். இப்போது இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. கார் போகிற சத்தத்துக்கு நாய்கூடக் குரைக்கவில்லை.

காரில் இரண்டு பேர். ஓட்டியவர் தர்மா அண்ணே. பக்கத்தில் புனிதா. நம் ரூபன் இருக்கிறானே, அவனுக்குப் பெரியம்மா மகள். ரூபன் சொன்னதைத்தான் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

குனோங் ராபாட்டில், மலைக்கு அடியில், ஒரு தெரஸ் வரிசை வீட்டில் மனநல உதவி மையம் நடக்கிறது. புனிதா அங்கே நர்ஸ். வீட்டில் ஒருவருக்கு மனம் உடைந்து, மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் போன் அடித்தால், இவர்கள் வீட்டுக்கே போவார்கள். உட்கார்ந்து பேசுவார்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். தர்மா அண்ணே லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மையத்துக்குக் காசு வாங்காமல் கார் ஓட்டிக் கொடுப்பார்.

புனிதாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எத்தனையோ வீடுகள், எத்தனையோ அழுகைகள்... எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது, ஆனால் உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. வேலையில் குறை இல்லை. குரல் மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் சம்பல் தின்றால் உறைப்பதில்லை. ஒருநாள் வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். பலகை சிவந்த பிறகுதான் தெரிந்தது. சொந்த அப்பாவின் சாவில் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலக்கிக் கொடுத்தாள். கண் ஈரமாகவில்லை.

அன்றைக்கு போன் அடித்தது செல்லாயி என்ற அம்மா. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தில் மிச்சமிருக்கும் சில வீடுகளில் ஒன்றில் மகன் சுரேனோடு இருப்பவர். கார் நின்றதும் மழையில் ஓடி வந்தார்.

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து கதவத் தொறக்கல மிஸ்ஸி. சோத்த வச்சா வச்சபடி இருக்கு. யார் யாரோ திட்டுறாங்கன்னு கத்துறான். உள்ள பாராங் கத்தி வச்சிருக்கான்..."

வாசலில் பக்கத்து வீட்டு ஐயாவு கையில் கயிற்றோடு நின்றார். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம் லா. இல்லாட்டி கதவ உடைச்சிப் புடிச்சிக் கட்டிர வேண்டியதுதான். நாங்களும் புள்ளகுட்டி வச்சிருக்கோம்."

"அண்ணே, கயித்த உங்க வீட்டுல வச்சிட்டு வாங்க" என்று ஐயாவுவிடம் சொன்னாள் புனிதா. "நான் பேசிப் பாக்குறேன்."

தர்மா அண்ணே வாசலிலேயே நின்றுகொண்டார். புனிதா உள்ளே போய், மகன் இருந்த அறைக் கதவுக்கு எட்டத்தில் சிமெந்துத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே சத்தம். பாராங்கைத் தரையில் இழுக்கிற சத்தம். க்ர்ர்... க்ர்ர்... நிற்கும். மறுபடி க்ர்ர்.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். புனிதாவுக்கு ஒன்றும் இல்லை.

"சுரேன், என் பேரு புனிதா. கதவத் தொறங்கன்னு சொல்ல வரல. சும்மா இங்க உக்காந்திருக்கேன். பேசணும்னா பேசுங்க."

க்ர்ர்... க்ர்ர்...

தகரக் கூரையில் மழை. பிறகு ஒரு வாடை வந்தது. புளித்த ரப்பர் பால் வாடை. கொட்டாங்கச்சியில் கிடந்து கெட்டுப்போன பால் மாதிரி, மூக்கில் ஏறுகிற வாடை. பின்னால் நின்ற செல்லாயி முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "என்ன இது, பால் நாத்தம்... மரத்தையெல்லாம் வெட்டி எவ்வளவு வருசமாச்சு..."

உள்ளே பாராங் சத்தம் நின்றது.

"ரெண்டு பேரா வந்தீங்க?" சுரேனின் குரல். தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக, படுத்துக்கொண்டு பார்க்கிறான்.

"ஆமா தம்பி. தர்மா அண்ணே வெளிய நிக்கிறாரு."

"அவர சொல்லல. உங்க பக்கத்துல நிக்கிறாங்களே, அந்தக்கா. கால் தெரியுது. ஈரக்கால்... சேறு ஒட்டியிருக்கு."

புனிதா திரும்பிப் பார்க்கவில்லை. இப்படிப் பல வீடுகளில் பலர் சொல்லிக் கேட்டவள். இல்லை என்று சொல்லக் கூடாது. ஆமாம் என்றும் சொல்லக் கூடாது. அதுதான் அவள் படித்தது.

"எனக்குத் தெரியல தம்பி. உங்களுக்குத் தெரியுதா? பயமா இருக்கா?"

கதவில் உரசுகிற சத்தம். சுரேன் இன்னும் நெருங்கி வந்திருந்தான்.

"இல்ல. அவங்க வந்தப்புறம் மத்தவங்கெல்லாம் பேசறத நிப்பாட்டிட்டாங்க."

"சரி. அப்போ பாராங்கக் கட்டில் மேல வச்சிட்டு வாங்க. ஒரு டாக்டரப் பாத்துட்டு வருவோம். அம்மாவும் வருவாங்க. யாரும் உங்களக் கட்ட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

கட்டிலில் இரும்பு விழுகிற சத்தம். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். எலும்பும் தோலுமாக ஒரு பையன் வெளியே வந்தான். புனிதாவை அவன் பார்க்கவில்லை. அவளுக்கு இடப்பக்கம், ஆள் உயரத்தில், காலியாக இருந்த இடத்தைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான்.

செல்லாயி முன் சீட்டில் ஏறினார். புனிதாவும் சுரேனும் பின்னால். சுரேன் கதவோரமாக ஒடுங்கி, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தான்.

"நல்லா உக்காருங்க தம்பி, எடம் இருக்கு."

"பரவால்ல. அக்கா உக்காரட்டும்."

தர்மா அண்ணே கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு ஈப்போ ஆஸ்பத்திரி வரைக்கும் ஜன்னலை இறக்கி வைத்திருந்தார். மழைச்சாரல் அடித்தும் ஏற்றவில்லை.

சுரேனை அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். புனிதா வீட்டுக்கு வந்து துணி மாற்றும்போது பார்த்தாள். குடை பிடித்துத்தான் நடந்தாள். துப்பட்டாவில் வேறெங்கும் ஈரமில்லை. இடப்பக்க நுனி மட்டும், யாரோ கையில் சுருட்டிப் பிடித்திருந்த மாதிரி கசங்கி நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். புளித்த ரப்பர் பால் வாடை. ஊற வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள்.

அதற்கு மறுநாளிலிருந்து தர்மா அண்ணே மையத்துக்கு வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

சில வாரம் கழித்து, ஒரு பகல் வேளையில், சுரேன் அம்மாவோடு மையத்துக்கு வந்தான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கார் கழுவும் கடையில் வேலை கிடைத்திருந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். தூக்கம் வருகிறது. சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

"அப்போ கேட்டதெல்லாம் பொய்னு இப்பத் தெரியுது மிஸ்ஸி" என்றான். பேச்சில் தடுமாற்றம் இல்லை. "டாக்டர் வெளக்கமா சொன்னாரு. நோய்தான் அது. எனக்குப் புரியுது."

"நல்லது தம்பி."

அவன் எழுந்திருக்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனா அந்தக்கா அதுல சேத்தி இல்ல மிஸ்ஸி. மத்தவங்கெல்லாம் என்னையப் பத்தியே பேசுவாங்க, என்னையவே பாப்பாங்க. அவங்க என்னைய ஒரு தடவகூடப் பாக்கல. உங்க துப்பட்டாவப் புடிச்சிக்கிட்டு உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க வீட்டுக்கு வந்தவங்க இல்ல அவங்க. உங்ககூட வந்தவங்க."

"இப்ப தெரியுதா சுரேன்?" நர்ஸ் என்ற முறையில் அவள் கேட்டாக வேண்டும்.

"இல்ல மிஸ்ஸி. மருந்து சாப்புடுறேன்ல... இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது."

செல்லாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எம்புள்ளையக் காப்பாத்திக் குடுத்திட்டீங்க." புனிதா அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தாள். எங்கே தட்ட வேண்டும், எவ்வளவு நேரம் தட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அன்று வேலை முடிந்து, பொழுது சாய்கிற நேரத்தில், நேராகப் புந்தோங்கில் இருக்கும் தர்மா அண்ணே வீட்டுக்குத் தன் காரை ஓட்டிக்கொண்டு போனாள். அவர் வாசல் கேட்டுக்கு உள்ளேயே நின்றார். வா என்று கூப்பிடவில்லை. முகம் பாதியாக இளைத்திருந்தது.

"அன்னிக்கி என்ன பாத்தீங்க அண்ணே?"

"ஒண்ணும் பாக்கலம்மா."

"பின்ன எதுக்கு வர்றத நிப்பாட்டிட்டீங்க?"

தர்மா அண்ணே கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

"ஆஸ்பத்திரில நீங்க மூணு பேரும் எறங்கி உள்ள போயிட்டீங்க. நான் கார்லயே இருந்தேன். கதவெல்லாம் சாத்தியாச்சி. அப்ப... பின் சீட்டுல ஒரு பொம்பள அழுவுற சத்தம். கத்தல, வாயப் பொத்திக்கிட்டு அழுவுற மாதிரி. நான் திரும்பல. ஸ்டேரிங்கையே புடிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அழுதுச்சி. நீங்க கதவத் தொறந்து உக்காந்தீங்க பாருங்க... அப்பத்தான் நின்னுச்சி."

ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அவர் துள்ளி விழுந்தார்.

"ஒரு நல்ல ஆளப் பாத்து மந்திரிச்சிக்கம்மா. அசட்டையா இருக்காத."

"பாக்குறேன் அண்ணே" என்றாள் புனிதா. உடம்பில் ஒரு மயிர் சிலிர்க்கவில்லை. அவர் பயப்படுகிறாரே, பாவம் என்றுதான் தோன்றியது. ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னாள், தூங்கச் சொன்னாள். காருக்கு வந்தாள்.

கைப்பையைப் பின்னால் வீசினாள். தன் பெல்ட்டைப் போட்டாள். என்ஜினைப் போட்டாள்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. சீட்டைப் பார்த்தாள். காலி. ஒரு காகிதம்கூட இல்லை. கேட்டுக்குப் பின்னால் தர்மா அண்ணே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

டிங்... டிங்...

நிற்கவில்லை. புனிதா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு, மையத்திலிருந்து யாரையாவது ஏற்றிப் போகும்போது சொல்கிற அதே குரலில், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பெல்ட்டப் போட்டுக்குங்கக்கா."

க்ளிக்.

மணி நின்றது.