புரியாவிட்டால் சிரித்துவிடு

நீங்கள் தமிழில் கேட்டது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று, மேடம். அப்பா ரயில்வேயில் இருந்தார். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர், ஆனாலும் வீட்டில் தமிழ்தான். விசாரணை என்றதும் என்னமோ ஏதோ என்று வந்தேன், நீங்கள் காப்பி கொடுத்து உட்கார வைத்திருக்கிறீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

பூங்குழலியை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பொய்யில்லை. தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துப் பெண். மஞ்சள் பயிரின் இலைக்கருகல் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போன வருஷம் எங்கள் துறையில் சேர்ந்தாள். நான் அப்போது நாலாம் வருஷம். அவள் ஆங்கிலத்தில் படிப்பாள், எழுதுவாள், அதில் குறையில்லை. காதும் வாயும்தான் தகராறு. யாராவது வேகமாகப் பேசினால் விழிப்பாள். விழித்துவிட்டுச் சும்மாவாவது இருப்பாளா என்றால், அதுவும் கிடையாது. கையைத் தூக்கி, "சார், அகெய்ன் ப்ளீஸ்" என்பாள். பாடம் எடுக்கிறவரும் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிச் சொல்வார்.

சனிக்கிழமை கருத்தரங்கில் ஒருமுறை நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், கான்வென்ட் ஆங்கிலம். என் வரைபடத்தில் கடைசி இரண்டு மாதம் இல்லை. அந்த மாதங்கள் எனக்குச் சாதகமாக இல்லாததால் நான்தான் விட்டுவிட்டேன். எல்லோருக்கும் கண் இருந்தது, ஆனால் மரியாதை தெரிந்தவர்கள், கேட்கவில்லை. இவள் எழுந்து நின்றாள். "மேடம், லாஸ்ட் டூ மன்த் வேர்?" முதலில் அவளுடைய ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்து எழுது என்று என் கட்டுரை திரும்பி வந்தது. வயிறு எரிந்தது, மேடம். யாருக்கும் எரியும்.

அன்றைக்கே எங்கள் கைடு என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் தமிழ்தானே, அவளை நீயே கொஞ்சம் தயார் பண்ணிடு" என்றார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்துகொண்டே பாடம். அவள் ஆர்வமாக வருவாள். "அக்கா, அவிங்க வெரசாப் பேசுனா எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குதுங்க" என்பாள். புரியாததைத் திரும்பக் கேட்பது நல்ல பழக்கம். மொழி கற்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பழக்கம் கிடையாது என்பது எனக்கும் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அதனால் அதைத்தான் முதலில் நிறுத்தினேன்.

"பெரியவங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னா, உங்க உச்சரிப்பு சரியில்லைன்னு சொல்ற மாதிரி ஆயிடும்" என்றேன்.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இத்தன நாளாக் கேட்டுட்டனேங்க. தப்பா நெனச்சிருப்பாங்களா?"

"சும்னே வீணாப் பயப்படாதே. இனிமே புரியலைன்னா சிரி, தலையாட்டு. 'எஸ் சார், தேங்க்யூ சார்'. வேற ஏதாவது சொல்லணுமான்னு கேட்டா, 'நோ சார், தேங்க்யூ சார்'. படிச்சவங்க சபையில அதான் நாகரிகம்."

பழக வைத்தேன். நான் பரீட்சகர் மாதிரி வேண்டுமென்றே தடதடவென்று பேசுவேன், அவள் சிரித்துத் தலையாட்டுவாள். எடுத்ததும் "அகெய்ன்" என்று வாயில் வந்துவிடும், நான் உச்சுக் கொட்டுவேன். கொஞ்ச நாளில் அந்த வார்த்தையே அவளுக்கு மறந்து போயிற்று. கெட்டிக்காரி, சொன்னதைப் பிடித்துக்கொள்வாள்.

அவளுடைய வருடாந்தர மதிப்பீடு வந்தது. தேறினால்தான் பதிவு தொடரும், உதவித்தொகை தொடரும். வெளியிலிருந்து வருகிற பேராசிரியர் யார் என்று பார்த்தேன். எனக்குப் பாடம் எடுத்தவர்தான், மூச்சு விடாமல் பேசுவார். ஸ்லைடுகளைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று அவளிடம் வாங்கினேன். அதில் நோய்த்தாக்க அட்டவணை ஒன்று, பிரமாதமாக இருந்தது. அதே அட்டவணை என் அரையாண்டு அறிக்கையில் இருப்பதாகவும், அவள் என்னிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டதாகவும் துறைத் தலைவருக்கு ஒரு புகார் எழுதினேன். அந்தக் காகிதம் உங்கள் முன்னால் இருக்கிறது.

மதிப்பீட்டன்று நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். அவள் நிமிர்ந்து நின்று பேசினாள், தடுமாறவில்லை. முடிந்ததும் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். இந்த அட்டவணை பிரதிபாவுடையது, அதாவது என்னுடையது, அனுமதியில்லாமல் எடுத்தாய் என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறாயா என்பதை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் கேட்டார். பூங்குழலி அழகாகச் சிரித்தாள். தலையாட்டினாள். "எஸ் சார். தேங்க்யூ சார்."

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. உன் பக்கம் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார்.

"நோ சார். தேங்க்யூ சார்."

அவளுக்குப் புரியவில்லை என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தண்ணீர் குடித்தேன்.

வெளியே வந்தவள் நேரே என்னிடம்தான் வந்தாள். "அக்கா, நல்லாப் பண்ணுனேனுங்களா?" ரொம்ப நன்னாப் பண்ணினே என்றேன். வராந்தாவிலேயே நின்று ஊருக்குப் போன் போட்டு, அவள் அம்மா நாச்சம்மாளிடம், கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதிவை ரத்து செய்த உத்தரவு அடுத்த வாரம் வந்தது. அவள் அப்பா வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு அவளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனார். இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம்.

அவள் அப்பா போட்ட மேல்முறையீட்டில் நீங்கள் அவளைத் தமிழில் கேட்டீர்களாம். "புரியலைன்னா அப்படித்தான் சொல்லோணும்னு அக்கா சொல்லிக்குடுத்தாங்க" என்றாளாம். என்னைக் குறை சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வாள், நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே.

எழுதிக்கொள்ளுங்கள். அட்டவணை அவளுடையது. போன மழைக்காலம் முழுக்கச் சேற்றில் நின்று அவள் எடுத்த கணக்கு. அவள் ஸ்லைடிலிருந்து நான்தான் என் அறிக்கையில் போட்டுக்கொண்டேன். புகார் பொய். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று, மேடம். நாலு வார்த்தை பேசத் திணறிய பெண், அத்தனை பெரியவர்களுக்கு முன்னால் நடுங்காமல் நின்று, ஒரு பிழையில்லாமல் பதில் சொன்னாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று இதுவரை ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை.